அளவு முந்தி, முடிச்சு பிந்தி

மதுரை விளக்குத்தூணிலிருந்து தெற்கு மாசி வீதிக்குள் நுழைந்தால் சுங்குடிக்குப் பஞ்சமே இல்லை. கடை வாசலிலேயே தொங்குகிறது. அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம், வாடாமல்லி. புள்ளி வைத்த சேலை, புள்ளி வைத்த நைட்டி, புள்ளி வைத்த சுடிதார் துணி. பத்துத்தூண் சந்திலும் நவபத்கானா தெருவிலும் இதே கதைதான். எதைத் தொட்டாலும் சுங்குடி என்கிறார்கள். "கையில முடிச்சுப் போட்டது இருக்கா?" என்று கேட்டால் மட்டும் துணி விரித்துப் போடுகிறவர் நிமிர்ந்து பார்க்கிறார். "அது வர்றது கம்மிங்க. சொல்லி வச்சீங்கன்னா எடுத்துத் தரலாம்."

கடையில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சு. பாரஃபின் மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருக்கி, அச்சுக்கட்டையை அதில் தோய்த்துத் துணியில் குத்திக்கொண்டே போவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டால் புள்ளி தெரியும். ஸ்கிரீன் பிரிண்ட் அதைவிடச் சுலபம். இவற்றை இளப்பமாகப் பேச எனக்கு மனமில்லை. மதுரை வெயிலுக்கு அந்தப் பருத்தியைப்போல ஒத்துப்போவது வேறில்லை, விலையும் கைக்கடக்கம். ஆனால் கைமுடிச்சை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் கண் அதையே தேடும். துணியின் ஒரு நுனியைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி, சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடம் வெள்ளை வளையமாக நிற்கும். நூலுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த நுனியில் சாயம் ஏறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஊசிமுனை அளவு நிறம் இருக்கும். ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. அவிழ்த்த பிறகும் துணி அந்த இடத்தில் கொஞ்சம் சுருங்கியே நிற்கும்.

இந்த வேலையை மதுரைக்குக் கொண்டுவந்தவர்கள் சௌராஷ்டிரர்கள். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் என்று பல தலைமுறை இடம்பெயர்ந்து, நாயக்கர் காலத்தில் இங்கே நிலைத்தவர்கள். பழைய ஆவணங்களில் பட்டுநூல்காரர். பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் இந்தச் சமூகத்துப் பிள்ளைதான். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் திண்ணைப் பேச்சு இன்றும் சௌராஷ்டிர மொழியில்தான் காதில் விழும். குஜராத்தில் இருக்கும் பாந்தனி இந்தச் சுங்குடிக்கு உறவு. அங்கே பட்டில் பூவும் யானையுமாக விரிந்தது, இங்கே பருத்தியில் புள்ளியாகவே நின்றுவிட்டது. சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. குறியீடு வந்ததால் முடிச்சுப் போட உட்காருகிறவர்கள் கூடிவிடவில்லை. ஐந்தரை மீட்டர் சேலை முழுக்க ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட எத்தனை நாள் ஆகும், அதற்கு யார் கூலி கொடுப்பார்கள் என்ற கணக்கில்தான் அது நிற்கிறது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. சேலையை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? இன்று கல்லூரிக்கும் ஆபீசுக்கும் போகிற பெண்கள் உடுத்துவது டாப்ஸ். அதற்கு இரண்டரை மீட்டர் போதும். கழுத்துக்கும் கைக்கும் கீழ் மடிப்புக்கும் மட்டும் முடிச்சுப் போட்டால் வேலை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒரே சிக்கல், வெட்டு. புள்ளி வைத்த துணியைத் தையல்காரர் கையில் கொடுத்தால் கத்தரி எங்கே போகும் என்பது முடிச்சுப் போட்டவருக்குத் தெரியாது. பாதிப் புள்ளி தையலுக்குள் போய்விடும், பாதி வெட்டுத் துண்டாய்க் கீழே விழும். அப்படியானால் அளவை முதலில் துணியில் குறித்துவிட்டு அதற்குப் பிறகு முடிச்சுப் போட்டால் என்ன? மதுரையில் தையல்காரர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் முடிச்சுப் போடும் தெருவுக்கும் இடையே நடக்கிற தூரம்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்களா என்பதே சந்தேகம். இடையில் நான் நடப்பது என்று முடிவு செய்தேன். துணியை வாங்குவது, வீட்டிலேயே சாயம் போடுவது, தைத்து வாங்குவது எல்லாம் சேர்ந்த பயணம் இது.

துணிக்காக அரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் பிடித்தேன். சமயநல்லூர் தாண்டி வாடிப்பட்டி வந்ததும் வலப்பக்கம் சிறுமலை கூடவே வரத் தொடங்கிவிடும். கொடைரோடு பக்கம் திராட்சைப் பந்தல். அதற்கப்பால் சின்னாளபட்டி. ஒருகாலத்தில் சின்னாளபட்டிப் பட்டு என்றால் நடுத்தர வீட்டுக் கல்யாணத்தில் பாதி உறவுக்கு அதுதான் எடுப்பார்கள். செயற்கைப் பட்டுதான், ஆனால் பளபளப்புக்குக் குறைவில்லை. இன்று ஊர் சுங்குடிக்கும் பேர்போனது. சாயம் போட்ட சேலைகளை வெட்டவெளியில் நீளநீளமாக விரித்துக் காயவைத்திருக்கிறார்கள். வண்டியில் போகிறவர் கண்ணுக்கு நிலத்தில் யாரோ கோடு போட்டு வைத்ததுபோலத் தெரியும்.

ஊரை ஒட்டியே காந்திகிராமம். டி.வி.எஸ். குடும்பத்து மகள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. கிராமியப் பல்கலைக்கழகம் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த பகுதி 1956-ல் வந்தது. கதர்க் கடையில் மெல்லிய வெள்ளைத் துணி கேட்டேன். 36 இன்ச் பன்னா. கையால் நூற்றது என்பதால் இழை சீராக இருக்காது, அங்கங்கே பருத்து நிற்கும். சாயத்துக்கு அதுவே நல்லது, நிறம் ஒரே தட்டையாக விழாது.

ராமச்சந்திரனைப் பற்றி ஒரு செய்தி தைக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1924-ல் அவர் சாந்திநிகேதன் மாணவர். டில்லியில் காந்தியைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்குமே எதிரியா என்று கேட்டார். காந்தி இல்லை என்று சொல்லி உதாரணத்துக்கு எடுத்தது தையல் மிஷினை. மனைவி குனிந்து குனிந்து கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதை உருவாக்கினார், அன்பில் பிறந்த இயந்திரம் அது என்பது காந்தி சொன்ன காரணம். மகாதேவ தேசாய் அந்த உரையாடலை எழுத, யங் இந்தியா இதழில் வந்தது. கதை அழகாகத்தான் இருக்கிறது. 1851-ல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கரின் வாழ்க்கையைப் புரட்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களும் இருபதுக்கு மேல் பிள்ளைகளும் வருகிறார்கள். மனைவிக்காக உருகிய மனிதராகத் தெரியவில்லை. காந்திக்கு யார் இந்தக் கதையைச் சொன்னார்களோ! ஆனாலும் விதிவிலக்குச் சரியான பொருளுக்குத்தான் கிடைத்தது.

அந்த உரையாடலுக்கு மூன்று வருடம் முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, இதே காந்தி மதுரை மேலமாசி வீதி வீட்டில்தான் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. தைத்த மேலாடையே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்த ஊரில் மேலாடை தைக்கத் துணி சுமந்துகொண்டு திரும்பினேன். அவர் கோபித்திருக்க மாட்டார். கதர்தானே.

சாயம் போட நான் தேர்ந்த இடம் சோழவந்தானில் பெரியம்மா வீடு. ரயிலில் போனால் ஸ்டேஷனில் இறங்கியதும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும்தான் கண்ணில் படும். வைகையும் பெரியாற்றுக் கால்வாயும் ஊட்டும் பூமி. 1895-ல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பிறகு இந்தச் சமவெளி இருபோகம் கண்டது. பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது, ஆனால் பருப்பு வேகத் தாமதமாகும். கடினத் தண்ணீர். சமையலுக்குக் குறை சொல்லும் தண்ணீர் சாயத்துக்கு எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, துணியைக் கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் போக அவிப்பது. சலவைச் சோடாவும் சோப்பும் போட்டு எவர்சில்வர் அண்டாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசினால், துணி சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். இதைச் செய்யாமல் அளவு குறித்தால் எல்லாம் வீண். கதர் சுருங்குகிற துணி. துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் பெரியம்மா கேட்டாள். "ஏன் ஆத்தா, கடையில ஐந்நூறு ரூவாய்க்கு டாப்ஸ் விக்கிறான். நீ பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எவ்வளவு செலவழிச்ச?" அந்தக் கணக்கு நான் போடவில்லை. அவள் போட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு குன்னத்தூர் சத்திரம். முன்பு, மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மிஷின் போட்டிருந்தார்கள். தூண்களில் நாயக்க மன்னர்களும் தெய்வங்களும் நிற்க, தூணுக்குத் தூண் இடையில் மிஷின் கடகடக்கும். பக்கத்திலேயே பாத்திரம், புத்தகம், வளையல். வெளிநாட்டுப் பயணி ஒருவர் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுத்தால், கோயிலைச் சுற்றி வருவதற்குள் அதேபோல இன்னொன்று தைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது ஊர் பெருமை. பயண வழிகாட்டி நூல்களிலேயே இது ஏறிவிட்டது. 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலைச் சேர்ந்த இடங்களில் கடை வைப்பது குறித்துக் கெடுபிடி வந்தது. புது மண்டபக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாறியிருக்கின்றன. சிலைகளுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. எண்ணெயும் புகையும் ஆணியும் பட்ட தூண்கள் அவை. ஆனால் மண்டபத்தில் வருகிறவர் போகிறவர் எல்லார் கண்ணிலும் பட்ட தொழில், இப்போது படியேறித் தேடிப் போக வேண்டிய தொழிலாகிவிட்டது.

அவர்கள் தைப்பது டாப்ஸும் ஜாக்கெட்டும் மட்டுமல்ல. சாமிக்கு உடுத்தும் சின்னப் பாவாடை, தேருக்குத் தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்குச் சல்லடம், உருமால். பங்குனி பிறந்தால் ராப்பகல் வேலை. அழகர் ஆற்றில் இறங்கும்போது உடுத்தியிருக்கும் பட்டு என்ன நிறம் என்பதை மதுரையைச் சுற்றிய கிராமங்கள் எல்லாம் காத்திருந்து பார்க்கும். பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கிற பட்டு எதுவோ அதைத்தான் உடுத்துவார்கள் என்பார்கள். பச்சை என்றால் அந்த வருடம் விளையும், சிவப்பு என்றால் சண்டை சச்சரவு. துணியின் நிறத்தை வைத்து மழையைக் கணிக்கிற ஊரில் சாயத் தொழில் தழைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் போன கடையில் வயதான டெய்லர் ஒருவர். அளவு டாப்ஸைக் கொடுத்து, இந்தத் துணியை வெட்ட வேண்டாம், வெட்டுக்கோடு மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வெட்டாம கோடு மட்டுமா? எதுக்கும்மா?" காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் துணியை இப்படியும் அப்படியும் மடித்துப் பார்த்தார். அப்புறம் அவருக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. சாக்பீஸ் தண்ணீரில் போய்விடும், கோட்டின் மேலே கலர் நூலால் ஓட்டத் தையல் போடுங்கள் என்றார். தையலுக்கு விடுகிற அரை இன்ச்சை வெளிக்கோட்டுக்கு உள்ளே தனியாகக் குறித்தார். "முடிச்சு இந்த உள்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுனா எனக்குத்தான் கெட்ட பேரு." முடிச்சுப் போட்ட இடம் சுருங்கும், அதற்கும் கால் இன்ச் கூட்டியே குறித்தார். கக்கத்து வளைவில் புள்ளி வேண்டாம், அங்கே துணி இழுபடும், வியர்வையில் சாயம் முதலில் போகும் இடமும் அதுதான் என்றார். முடிச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே முடிச்சுக்கு வேண்டிய அத்தனையும் சொல்லிவிட்டார்.

மகால் பக்கத்துத் தெரு ஒன்றில், தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டுக்குப் போனேன். சௌராஷ்டிரப் பாட்டி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டதுதான், விளையாட்டே அதுதான் என்றார். வீட்டு வேலையும் முடிச்சு வேலையும் சேர்ந்தே நடந்திருக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கும்வரை கொஞ்சம், பிள்ளை தூங்கும்வரை கொஞ்சம். சாயம் போடுவது பட்டறையில் ஆண்கள் வேலை. நூல் கூலி, முடிச்சுக் கூலி என்று வாரக் கடைசியில் கணக்கு. ஓட்டத் தையல் போட்ட துணியைப் பார்த்ததும், "இது என்ன, சட்டை வரைஞ்சு கொண்டாந்திருக்கீங்களே" என்று சிரித்தார். கழுத்து ஓரத்தில் இரண்டு வரிசை, கை ஓரத்தில் இரண்டு வரிசை, முன்பக்கம் நெஞ்சுக்கு நேரே ஒரு சதுரம். புள்ளி குறிக்க அவருக்குக் கோல் வேண்டாம், கண் போதும். துணி நுனியை இடக்கை நகத்தால் தூக்கி, நூலைச் சுற்றி, வலக்கையால் இழுத்து, அறுக்காமலே அடுத்த புள்ளிக்கு நூலைக் கொண்டுபோகிறார். விரல் போகிற வேகத்தைப் பார்த்தால் எத்தனை சுற்று என்று எண்ண முடியாது. கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இறுகிவிட்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்துகிறார்.

முடிச்சு முடியும்வரை மதுரையில் சும்மா இருக்க முடியவில்லை. ராமேஸ்வரம் சாலையைப் பிடித்துக் கீழடி போய்வந்தேன். 2015-ல் தோண்டத் தொடங்கிய இடம். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் கட்டியிருக்கிறார்கள். தங்கத்தையும் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் பார்க்கக் கூட்டம். நான் தேடிப் போனது தக்களிகளையும் நெசவுக்கான கூர்முனை எலும்புக் கருவிகளையும் செப்பு ஊசியையும். நூற்பது, நெய்வது, திரவம் வைத்துத் தோய்ப்பது என்று ஒரு துணித் தொழிலின் படிகள் எல்லாம் இங்கே இருந்திருக்கின்றன என்பது தொல்லியல் துறை அறிக்கையின் கருத்து. காலம், பொது யுகத்துக்கு முன் ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது. சங்கப் புலவர் பட்டியலில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். துணி வியாபாரியே கவிஞர். தெற்கு மாசி வீதியில் இன்று யாராவது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது.

மீண்டும் சோழவந்தான். சாயத்துக்கு வேண்டியதைக் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கியிருந்தேன். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி. பழைய மதுரைச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்று சித்த மருத்துவத்தில் இருமலுக்குக் கொடுப்பதும் அதே செடிதான். மணற்பாங்கான கடலோரங்களில் வளரும். அதன் வேரில் இருப்பது அலிசரின். 1868-ல் ஜெர்மனியில் கிரேபெயும் லீபர்மானும் அந்த அலிசரினைத் தார்க்கழிவிலிருந்து வந்த பொருளை வைத்துச் செய்துவிட்டார்கள். வேரைத் தோண்டி, உலர்த்தி, இடித்து, வாரக்கணக்கில் துணியை எண்ணெயிலும் சாம்பல் நீரிலும் மாற்றி மாற்றி ஊறவைத்த வேலை, ஒரு டப்பாப் பொடியில் அடங்கியது. பிரான்சிஸ் தொகுத்த 1906 மதுரை மாவட்டக் கெசட்டியர் பட்டுநூல்காரர்களின் நெசவையும் சாயத் தொழிலையும் விரித்துப் பேசுகிற காலத்தில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இன்றைய பட்டறைகளில் நாப்தால், வாட் சாயங்கள்தான். துணியைக் காஸ்டிக்கில் கரைத்த நாப்தாலில் முக்கி, அடுத்த தொட்டியில் பேஸில் முக்கினால் கண்ணெதிரே சிவப்பு பிறக்கும். சூடே வேண்டாம், குளிர்ந்த தண்ணீரிலேயே ஏறும் சாயம் அது. முடிச்சுத் துணிக்கு அது தோதாகப் பொருந்திப்போனதில் வியப்பில்லை. கொதிக்கும் சாயத்தில் நெடுநேரம் கிடந்தால் நூலுக்கு அடியில் நிறம் கசிந்துவிடும் அபாயம் உண்டு. பெரியம்மா வீட்டுப் புழக்கடையில் காஸ்டிக் சோடாவைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. சாயவேரும் சுத்தமாகக் கிடைப்பது அரிது. ஆகவே மஞ்சிட்டி. அதில் அலிசரினைவிட பர்ப்யூரினும் மஞ்சிஸ்டினும் அதிகம், சிவப்பு கொஞ்சம் செங்கல் பக்கம் சாயும்.

காய்ந்த துணி 300 கிராம் இருந்தது. 60 கிராம் கடுக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அலசாமல் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். முடிச்சுப் போடுவதற்கு முன்னாலேயே இதைச் செய்திருந்தேன். முடிச்சுக்குப் பிறகு செய்தால் புள்ளி வெள்ளையாக நிற்கும். முன்னால் செய்தால் கடுக்காய் நிறத்தில், வெளிறிய மஞ்சளாக நிற்கும். எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும். இரும்புப் பாத்திரம் மட்டும் கூடவே கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். அடுத்து, முடிச்சோடு படிகாரத் தண்ணீர், 45 கிராம். மறுபடி வெயில். பிறகு துணியின் எடைக்கு எடை மஞ்சிட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லச் சூடேற்றி, முடிச்சுத் துணியை இறக்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருக்கலாம், கொதி வரக் கூடாது. கொதித்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். விறகடுப்பில் சூட்டைப் பிடித்து வைப்பது தனி வித்தை. அந்த வித்தை பெரியம்மாவுக்குத் தெரியும், கொள்ளியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வைகைத் தண்ணீரில் அலசினால்தான் சுங்குடிச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று மதுரைச் சாயக்காரர்கள் தலைமுறையாகச் சொல்வார்கள். பாந்தனிக்குப் பேர்போன ஜாம்நகரிலும் எங்கள் ஊர்த் தண்ணீருக்குத்தான் இந்தச் சிவப்பு என்கிறார்கள். ஊர்ப்பற்று என்று தள்ளிவிட முடியாது. அலிசரின் துணியில் ஒட்டுவது அலுமினியத்தோடு கால்சியமும் சேர்ந்து பிடிக்கும்போதுதான். படிகாரம் அலுமினியத்தைக் கொடுக்கிறது. கால்சியம் தண்ணீரிலிருந்து வர வேண்டும். பருப்பு வேகாத கிணற்றுத் தண்ணீரில் அது தாராளமாக இருக்கிறது. மஞ்சிட்டிக் குடும்பத்துச் சாயம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெரியம்மா கிணறு இதுவரை வாங்கிய திட்டுகளுக்கு எல்லாம் அன்றைக்கு ஈடு கட்டியது. செங்காவியும் அரக்கும் கலந்த ஒரு நிறம் ஏறியிருந்தது. இன்றைய வைகையில் யாரும் துணி அலச முடியாது என்பது வேறு கதை. மணலைக் காணோம், நகரத்துச் சாக்கடை சேர்கிறது. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது எல்லாருக்கும் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று.

நிழலில் காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தோம். துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக் குறுக்காகச் சுண்டினால் நூல் பட்பட்டென்று தெறித்து விழும். பெரியம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. என் கையில் விடவே இல்லை.

டெய்லர் மேஜையில் துணியை விரித்தபோது பக்கத்து மிஷின்காரர்களும் எழுந்து வந்தார்கள். ஓட்டத் தையல் நூலும் சிவப்பேறியிருந்தாலும் கோடு தெரிந்தது. அவர் கூட்டி விட்ட கால் இன்ச் சரியாக முடிச்சுச் சுருக்கத்துக்குப் போயிருந்தது. ஒரு புள்ளிகூடக் கத்தரியில் படவில்லை. கழுத்துக்குப் பைப்பிங் கேட்டேன், வேண்டாம் என்றார். வரிசைப் புள்ளிக்கு மேலே இன்னொரு கோடு போட்டால் கண் எங்கே பார்க்கும் என்று கேட்டார். உள்பட்டி மட்டும் வைத்து மடித்தார். பழைய உஷா மிஷின், காலால் மிதிப்பது. இந்த மாதிரித் துணிக்கு மோட்டார் வேகம் ஆகாது, சுருங்கின இடத்தில் ஊசி துள்ளும் என்றார். பக்கத்தில் இருந்த இளைய டெய்லர் இஸ்திரிப் பெட்டியோடு வந்தபோது தடுத்துவிட்டார். "அழுத்திடாத. அந்தச் சுருக்கம்தான் இதுக்குக் காசு."

தைத்ததை எடுத்துக்கொண்டு மகால் தெருவுக்கே போனேன். பாட்டி டாப்ஸைத் திருப்பிப் போட்டு, உள்பக்கத் தையலைத்தான் முதலில் பார்த்தார். புள்ளி தையலுக்குள் மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவினார். பிறகு மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார், அவர்கள் மொழியில் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டார்கள். மருமகள் முடிச்சுப் போட்டுப் பல வருடம் ஆகிறதாம். சேலைக்கு உட்கார்ந்தால் கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டார். இதே மாதிரி கோடு போட்ட துணிகள் மொத்தமாக வந்தால் போடுவீர்களா என்று கேட்டேன்.

"கழுத்துக்கும் கைக்கும் மட்டும்தானே? முதுகுக்கு வேண்டாமில்ல?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப பேசலாம். முடிச்சுக் கணக்குல வேண்டாம், ஒரு டாப்ஸுக்கு இவ்வளவுன்னு பேசிக்குவோம். நூல் நீங்க வாங்கிக் குடுத்துருங்க. அந்த டெய்லர உள்கோட்டையும் போட்டே அனுப்பச் சொல்லுங்க."